எருமை வளைவில் செத்தவள்

சின்ஜியாங், பருத்திப் பண்ணை
3 நவம்பர் 1985

வென்குய் அண்ணாவுக்கு,

புத்தாண்டு வருவதற்கு முன்னால் என் கடிதம் வந்தால் நீங்கள் பயந்துபோவீர்கள் என்று தெரியும். வருஷத்துக்கு ஒரு கடிதம், அதில் நாலு வரி, அதுவும் லூ சைஃபெங் என்ற பெயரில்தான் என்பது நீங்கள் செய்த ஏற்பாடு. முப்பத்தொரு வருஷமாக அதை நான் மீறியதில்லை. இன்று மீறுகிறேன்.

போன மாதம் எங்கள் பண்ணையின் படிப்பறையில் ஒரு பழைய செய்தித்தாள் கிடந்தது. நம் ஹுபெய் மாகாணத்திலிருந்து வந்த லாரிக்காரர் எதையோ சுற்றிக் கொண்டுவந்த தாள். பிரித்துப் பார்த்தால் நம் தாங்ஜின் ஊர்! ஒரு பள்ளிக்கூடம், அதன் வாசலில் ஒரு சிலை, கையில் சேகண்டியும் தடியுமாக ஒரு பெண். கீழே ‘தியாகி நியே பெய்லான்’ என்று போட்டிருந்தது.

அண்ணா, அது நான்.

பக்கத்தில் நின்ற சமையல்காரி எட்டிப் பார்த்து, “யாருடி இவ, மூக்கு இப்படி நிமிந்து நிக்குது? பெரிய வீட்டுப் பொண்ணா?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சப்பை மூக்கி, சப்பை மூக்கி என்று நீங்கள்தானே என்னை அழவைப்பீர்கள்.

நான் செத்துப்போனதாக எழுதிவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். படகில் ஏற்றும்போதே சொன்னீர்கள். ஆனால் சிலை வைக்கிற மாதிரி செத்திருக்கிறேன் என்று சொல்லவில்லையே. அந்த ஆகஸ்டில் எருமை வளைவில் நூறு தப்படிக் கரை என் காவல். கரையடியில் ஊற்று கிளம்பினாலோ, மண் சரிந்தாலோ சேகண்டி அடிக்க வேண்டியவள் நான். என் பிள்ளை சியாவோமானுக்குப் பால் கொடுக்கக் காவலை விட்டுப் போனேன். திரும்பி வருவதற்குள் கரை போய்விட்டது. நாற்பத்து மூன்று பேர் போய்விட்டார்கள். யாரும் அடிக்காத அந்தச் சேகண்டியை இப்போது என் கையிலேயே கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெறுகிறவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பிக் குடியிருக்கலாம் என்று இங்கே அனுமதிக்கிறார்கள். ‘இவள் எங்கள் ஊர்க்காரி, இன்னார் மகள்’ என்று ஊரில் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுங்கள், என் சொந்தப் பெயரில். விசாரிப்பதானால் விசாரிக்கட்டும், ஜெயிலில் போடுவதானால் போடட்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. சியாவோமானைப் பார்க்க வேண்டும். அப்பன் முகம் பார்க்காமல் பிறந்தவளை மூன்று மாதக் குழந்தையாக உங்கள் கையில் கொடுத்தேன். அவள் மூக்கு யாரைக் கொண்டிருக்கிறது என்றுகூட நீங்கள் ஒரு வருஷமும் எழுதவில்லை.

தங்கை
பெய்லான்

(இந்தப் பெயரை எழுதி எவ்வளவு நாளாயிற்று. இரண்டு தடவை அடித்து எழுதினேன்.)


தாங்ஜின்
28 நவம்பர் 1985

லூ சைஃபெங் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. படித்தவுடன் அடுப்பில் போட்டேன். கடைசியில் போட்ட கையெழுத்தை இனி எந்தக் காகிதத்திலும் போடாதே.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. ஆறு வருஷமாக இந்த நகரத்தின் வரலாற்றைத் தொகுக்கும் குழுவுக்கு நான்தான் தலைமை ஆசிரியர். எழுநூறு பக்கம். இப்படி ஒரு நூல் கடைசியாக மஞ்சு அரசர்கள் காலத்தில் எழுதப்பட்டது. உன்னைப்போல் செய்தித்தாளைப் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு இதன் அருமை புரியாது. ஆயிரத்து நானூறு வருஷத்து ஊர் இது. மீன் விற்க வந்த நாட்களில் நாம் ஓடி விளையாடிய உப்புத் தெருவுக்குப் பன்னிரண்டு அடி கீழே ஒரு தெரு இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொன்று. ஆறு மூன்று முறை ஊரை மண்ணில் புதைத்தது. மூன்று முறையும் ஊர் தன் தலைமேலேயே ஏறி உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் கரை கட்டினார்கள். கரை கட்டிய பிறகு பதினான்கு பெருவெள்ளம் வந்தது, 1954 கடைசி. பதினான்கிலும் நகரத்துக் கரை அசையவில்லை. பதினான்கிலும் உடைந்தது எதிர்க்கரையில், எருமை வளைவில்தான். இந்த ஆற்றின் நீளத்துக்கும் தேடினாலும் இப்படிப் பிழைத்த நகரம் இன்னொன்று கிடையாது. இதை நான் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறேன்.

நகர வரலாற்றுக்கு ஒரு பழைய விதி உண்டு. உயிரோடு இருப்பவரின் வாழ்க்கையை அதில் எழுதக்கூடாது. உன் வாழ்க்கை அறுநூற்றுப் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே நீ இல்லை.

சியாவோமான் என்று இங்கே யாரும் கிடையாது. அவள் பெயர் யோங்தி. ‘நிலைத்த கரை’ என்ற பொருளில் நான் வைத்தேன். அந்தப் பள்ளியில்தான் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறாள். தியாகியின் மகள் என்பதால் கல்லூரியில் இடம் கிடைத்தது, வேலை கிடைத்தது, நல்ல இடத்தில் கல்யாணமும் நடந்தது. நீ எழுந்து வந்தால் அவள் யாருடைய மகள்? காவலை விட்டு ஓடியவளின் மகள். அந்த நாற்பத்து மூன்று பேரின் உறவுக்காரர்களும் எங்கேயும் போய்விடவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீ இருபத்தொரு வருஷம் உயிரோடு இருந்தாய். முப்பத்தொரு வருஷமாக இறந்திருக்கிறாய். இரண்டாவதைத்தான் ஒழுங்காகச் செய்திருக்கிறாய். அதைக் கெடுத்துவிடாதே.

நியே வென்குய்


சின்ஜியாங்
20 டிசம்பர் 1985

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் அடுப்பில் போடவில்லை. பத்து தடவை படித்தேன். திட்டியது பெரிதாகத் தோன்றவில்லை. நீங்கள் திட்டாத நாள் எது? வேறொரு வரியில் மாட்டிக்கொண்டேன்.

பதினான்கு வெள்ளம், பதினான்கும் எருமை வளைவில்.

அந்த ஆறுதான் எவ்வளவு மரியாதை தெரிந்த ஆறு! ஆயிரம் வருஷமாக வருகிறது, ஒரு தடவைகூட வழிதவறி நகரத்துப் பக்கம் போகவில்லை. உப்பு வியாபாரிகள் இருக்கும் கரையை விட்டுவிட்டு, நம்மைப்போல் வலைக்காரர்களும் நாணல் வெட்டுகிறவர்களும் இருக்கும் கரையாகப் பார்த்துப் பதினான்கு தடவையும் உடைத்திருக்கிறது.

நான் இங்கே என்ன வேலை பார்த்தேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. இருபத்தாறு வருஷம் வாய்க்கால் மதகு பார்த்தேன். தண்ணீரைப் பற்றி உங்கள் எழுநூறு பக்கத்துக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கரை தானாக உடைந்தால் இன்றைக்கு இங்கே உடையும், அடுத்த தடவை அங்கே உடையும். ஒரே இடத்தில் மூன்று தடவை உடைந்தால் நான் சுற்றுவட்டாரத்தில் மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று தேடுவேன். எப்போதும் கிடைக்கும்.

அன்றைக்கு நடந்ததை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். காலை பத்து மணி இருக்கும். நீங்கள் கரைமேல் நடந்து வந்தீர்கள். அந்தப் பகுதிக்கு எழுத்தர் நீங்கள்தானே. என் சட்டை பால் கசிந்து நனைந்திருந்தது. பார்த்துவிட்டு நீங்கள்தான் சொன்னீர்கள், “போ பெய்லான், போய்ப் பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வா. நான் பாத்துக்கறேன்.” நான் கேட்டேன், “சேகண்டி?” “எங்கிட்ட குடு” என்று வாங்கிக்கொண்டீர்கள்.

முப்பத்தொரு வருஷமாக, பாவம், அண்ணன் இரக்கப்பட்டார், நான்தான் போயிருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சேகண்டி உங்கள் கையில் இருந்தது என்பதை யோசிக்கவே இல்லை. எவ்வளவு மட்டி நான்.

அண்ணா, எருமை வளைவு உடைந்ததா, உடைத்தீர்களா? ஒரே வார்த்தையில் பதில் எழுதுங்கள்.

பெய்லான்


தாங்ஜின்
15 ஜனவரி 1986

சைஃபெங்,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நீ மதகு பார்த்தவள், விடமாட்டாய்.

வெட்டினார்கள்.

உத்தரவு அன்று காலை வந்தது. மேலே யாரிடமிருந்து என்று எழுதமாட்டேன். நகரத்துக்குள் எண்பதாயிரம் பேர். தண்ணீர் நகரத்துக் கரையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. எதிர்க்கரையில் வெட்டிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் வடியும். முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொன்னால் ஊர்க்காரர்கள் பெண்டுபிள்ளைகளோடு வந்து கரைமேல் படுத்துவிடுவார்கள். அதற்கு முந்திய வெள்ளத்தில் அப்படித்தான் படுத்தார்கள். வெட்டுகிறவர்கள் நண்பகலில் வருவார்கள், அதற்குள் காவலை அகற்று என்பதுதான் எனக்கு வந்த காகிதம். அகற்றினேன். தங்கை என்பதால் உன்னைக் கொஞ்சம் தூரமாகவே அனுப்பினேன். அதற்கு நீ நன்றி சொல்லலாம்.

பிறகு நீ அழுதுகொண்டு வந்து, “அண்ணா, என்னாலதான், என்னாலதான்” என்றாய். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டாய். அதனால் சொல்லவில்லை. லூ சைஃபெங் என்ற பெண் அகதிப் படகில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் காகிதங்களை உனக்குக் கொடுத்தேன்.

நகரம் வெட்டியது என்று பழைய நூல்கள் எதிலும் கிடையாது. ‘உடைந்தது’ என்றுதான் இருக்கும். கூடவே ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு பெண் இருப்பாள். மிங் அரசர்கள் காலத்தில் ஒருத்தி கரையிலிருந்த இரும்பு எருமையோடு தன்னைக் கட்டிக்கொண்டு செத்தாள். மஞ்சு அரசர்கள் காலத்தில் மெய் என்ற விதவை, தண்ணீர் கழுத்துக்கு வரும்வரை கோயில் முரசை அடித்தாள். ஜனங்கள் அந்தப் பெண்ணுக்காக அழுவார்கள், மண்வெட்டியைத் தேடமாட்டார்கள். இந்த வழக்கத்தை நான் கண்டுபிடிக்கவில்லை, கற்றுக்கொண்டேன். மெய்யின் பத்தியை எடுத்து, ‘முரசு’ என்ற சொல்லை அடித்துவிட்டுச் ‘சேகண்டி’ என்று எழுதினேன். இருபது நிமிஷ வேலை. நன்றாக வந்திருந்தது.

இதை வெளியே சொல்லலாம் என்று நினைக்காதே. காகிதம் எதுவும் மிச்சமில்லை. நான் மறுப்பேன்.

இப்போது ஒரு யோசனை. மாகாணத்திலிருந்து நூலைச் சரிபார்க்க வருகிறவர்கள் தியாகிகள் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். எருமை வளைவில் அன்று இருந்தவர்கள் ஒருவரும் மிச்சமில்லை. நீ வா. லூ சைஃபெங்காக வந்து, நியே பெய்லான் செத்ததைப் பார்த்தேன் என்று சொல். கல்லறை துடைக்கும் நாளுக்கு மறுநாள் விசாரணை. தியாகியின் மகளும் அறையில் இருப்பாள்.

பார்க்க வேண்டும் என்றாயே. பார்த்துக்கொள்.

வென்குய்


சின்ஜியாங்
9 பிப்ரவரி 1986, புத்தாண்டு நாள்

வென்குய்,

இனி உனக்கு ‘நீங்கள்’ கிடையாது. அண்ணனும் கிடையாது.

வருஷா வருஷம் புத்தாண்டுக் காலையில் நாற்பத்து மூன்று கறிக் கொழுக்கட்டைகளைத் தனியாக வேகவைத்து வாய்க்காலில் விடுவேன். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விடுவேன். வலைக்கார குயாங், அவர் இரண்டு பெண்கள், கால் விளங்காத அவர் அம்மா, வாத்து மேய்க்கும் சின்ன ஜின், அவள் வயிற்றில் இருந்ததையும் சேர்த்து. பண்ணையில் எனக்குக் கிறுக்கு என்பார்கள். “சைஃபெங், மீனுக்கெல்லாம் விருந்தா?” என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

இந்த வருஷமும் பழக்கத்தில் நாற்பத்து மூன்றும் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகு உன் கடிதம் ஞாபகம் வந்தது. அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே தின்றேன். இருபதுக்கு மேல் போகவில்லை, திணித்தேன். வாந்தி எடுத்தேன், மறுபடி தின்றேன். இனி அவர்களுக்குப் படைக்க வேண்டியவன் நீ. பெயர்கள் தெரியாவிட்டால் எழுது, அனுப்புகிறேன்.

ட்ராக்டர் ஓட்டிய ஹோ என்று ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர். ஐம்பத்தெட்டில் என்னைக் கேட்டார். மூன்று வருஷம் விடாமல் கேட்டார். இன்னொரு பிள்ளை பெற்று வளர்க்க எனக்கு என்ன யோக்யதை என்று மாட்டேன் என்றேன். நாற்பத்து மூன்று பேரைக் கொன்ற மாரில் இன்னொரு குழந்தை பால் குடிக்கலாமா என்று நினைத்தேன். அவர் வேறு பண்ணைக்குப் போய்விட்டார். இதை நீ உன் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் போடுவாய்?

என்னைத் தூரமாக அனுப்பினாயாம், நன்றி சொல்லலாமாம். பக்கத்துக் காவலில் நின்ற குயாங்கின் பெரிய பெண்ணை ஏன் அனுப்பவில்லை? அவள் என் சேகண்டிச் சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருப்பாள். வெட்டுகிறவர்களுக்கு என் நூறு தப்படி வேண்டியிருந்தது. உனக்கு என் கையிலிருந்த சேகண்டி வேண்டியிருந்தது. பால் கசிந்த சட்டை உனக்கு வசதியாகப் போயிற்று.

ஊர் முழுக்கக் கத்திச் சொல்லலாம் என்று வருகிறது. யாரிடம் போய்ச் சொல்வது? உன் பேச்சையும் என் பேச்சையும் எடைபோட உட்கார்ந்தால் நான்தான் செத்தவளாயிற்றே.

என்ன தேதி என்று எழுது. எந்த ரயில் என்றும் எழுது. வருகிறேன். மானம் ரோஷம் இருந்தால் வரமாட்டேன். அவளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பெய்லான்


தாங்ஜின்
2 மார்ச் 1986

சைஃபெங்,

ஏப்ரல் ஆறு, காலை ஒன்பது மணி. ஐந்தாம் தேதி வந்து சேர்ந்துவிடு. படகுத்துறைக்கு மேலே உள்ள விருந்தினர் விடுதியில் உன் பெயரில் அறை இருக்கும். லூ சைஃபெங் பெயரில்.

ஐந்து வாசகம்தான் சொல்ல வேண்டும், எழுதி இணைத்திருக்கிறேன். மனப்பாடம் செய். நீ பக்கத்து நூறு தப்படியில் நின்றாய். சேகண்டிச் சத்தம் கேட்டாய். திரும்பிப் பார்த்தாய். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் அவளை எடுத்துக்கொண்டது. இதற்கு மேல் கேட்டால் வயதாகிவிட்டது, ஞாபகமில்லை என்று சொல்.

உப்புத் தெருவுக்குப் போகாதே. நம் ஊர்ப் பேச்சைப் பேசாதே, சின்ஜியாங் பக்கத்து இழுவையோடு பேசு. என் வீட்டுக்கு வராதே. யோங்தி வணக்கம் சொன்னால் வணக்கம் சொல். தொடாதே. அழலாம், சாட்சிகள் அழுவது வழக்கம். ஆனால் அவளைப் பார்த்து அழாதே, சரிபார்க்க வந்தவர்களைப் பார்த்து அழு.

மறுநாள் காலை ரயிலில் திரும்பிவிட வேண்டும்.

வென்குய்


தாங்ஜின்
16 ஏப்ரல் 1986

பெய்லான்,

பெயரை எழுதிவிட்டேன், பரவாயில்லை. இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

விசாரணை நன்றாகவே நடந்தது. நீ ஐந்து வாசகத்தையும் தப்பில்லாமல் சொன்னாய். மாகாணத்திலிருந்து வந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூலுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போக வேண்டும்.

ஆனால் அன்று மதியம் விடுதியில் என்ன நடந்தது? யோங்தி உனக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கிளம்பினாள். தடுத்தால் சந்தேகப்படுவாள் என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வெறும் பாத்திரத்தோடு வந்தாள். முகம் பார்க்கச் சகிக்கவில்லை. சாப்பிடவில்லை. வலது கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். பத்து நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. முந்தாநாள் ஆசிரியர் குழு அறைக்கே வந்து, எல்லோர் எதிரிலும், “மாமா, அந்தப் பொம்பளையோட சாட்சியை அப்படியே போடாதீங்க. போட்டா முழு உண்மையையும் போடுங்க. இல்லேன்னா நானே மாகாணத்துக்கு எழுதுவேன்” என்றாள். என்ன உண்மை என்று கேட்டேன். “நீங்க எழுதறேன்னு வாக்குக் குடுங்க, அப்புறம் சொல்றேன்” என்கிறாள்.

எவ்வளவு சொன்னாய்? கரை வெட்டியதைச் சொன்னாயா? நீ யார் என்று சொன்னாயா? என் பெயரைச் சொன்னாயா?

உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள். எனக்கு அறுபத்து மூன்று வயது. இந்த நூலைத் தவிர எனக்கு வேறு எதுவும் இல்லை. அவளை நான் வளர்த்தேன். காய்ச்சலில் கிடந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைத் தாண்டி வைத்தியரிடம் ஓடியிருக்கிறேன். அவள் என்னை வேறு மாதிரி பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. உடனே பதில் எழுது.

அண்ணன்
வென்குய்


சின்ஜியாங்
27 ஏப்ரல் 1986

வென்குய்,

நீ பயந்து எழுதிய கடிதத்தை இன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். நன்றாக இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் உன்னைக் காக்கவைக்கலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அவள் முந்திக்கொண்டு மாகாணத்துக்கு எழுதிவிட்டால் அவளுக்குத்தான் தொல்லை. அதனால் எழுதுகிறேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் வந்தேன். இதையும் தெரிந்துகொள். உன் ஐந்து வாசகமும் அறைக்குள் நுழைவதற்கான சீட்டு, அவ்வளவுதான். அவள் தனியாக மாட்டினால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று ஐந்து நாள் ரயிலில் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவளே வந்தாள். தாமரைக்கிழங்கும் எலும்பும் போட்ட சூப்பு, சுடச்சுட. எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மூக்கு என்னுடையதுதான், சப்பை. இதை எழுதக்கூட உனக்கு மனம் வரவில்லையே.

“சாப்பிடுங்க அத்தை. அவ்வளவு தூரத்துல இருந்து எங்கம்மாவுக்காக வந்திருக்கீங்க” என்றாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். “மாமாகிட்டகூட இதைச் சொன்னதில்ல. சின்ன வயசுல அந்தச் சிலையைக் கல்லால அடிச்சிருக்கேன். மூணு மாசப் பிள்ளையை விட்டுட்டு அப்படி என்ன பெரிய சேகண்டி வேண்டிக்கிடக்குதுன்னு. அப்புறம் எனக்கும் பிள்ளை பொறந்துச்சு. அப்பதான் நெனச்சேன், அவ என்னை விட்டுட்டு ஓடல. தண்ணிதான் தூக்கிட்டுப் போச்சு. எங்கயாவது ஓடிப்போய் உசுரோட இருந்தான்னு வைங்க, அவ மூஞ்சியில முழிக்கவே மாட்டேன். செத்ததால மன்னிச்சேன்.”

நான் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தேன். ஐந்து நாள் தயார் செய்தது எல்லாம் அதோடு முடிந்தது.

அவள் சரித்திர வாத்தியார் அல்லவா, விடுவாளா? “ஒண்ணு மட்டும் சொல்லுங்க அத்தை. பக்கத்து நூறு தப்படியில நின்னேன்னு சொன்னீங்க. உடைஞ்சது முந்நூறு தப்படி. அப்ப நீங்க எப்படிப் பொழச்சீங்க?”

உன் ஐந்து வாசகத்தில் இதற்குப் பதில் இல்லை. ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் ஒரு பொய்யாவது குறையட்டும் என்று தோன்றிவிட்டது.

“நான் அப்ப அங்க இல்லம்மா. காவலை விட்டுட்டுப் போயிட்டேன். பிள்ளைக்குப் பால் குடுக்கப் போனேன்.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “உங்களுக்குப் பிள்ளை இருந்துச்சா?”

“இருந்துச்சு. மூணு மாசம்.”

“இப்ப?”

“நல்லா இருக்கு. பெரிய படிப்பு படிச்சிருக்கு.”

“அப்ப உங்க நூறு தப்படியையும் எங்கம்மாதான் பாத்துக்கிட்டு நின்னாளா? நீங்க உங்க பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அவ என்னைப் போட்டுட்டு நின்னா. உங்க பிள்ளைக்கு அம்மா இருக்கா. எனக்கு?”

எழுந்து வந்து ஓங்கி ஒரு அறை விட்டாள். சூப்புக் கிண்ணம் தரையில் போய் விழுந்தது. அவளே பயந்துபோய்க் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “நீங்க செத்து அவ பொழச்சிருக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தையும் பாத்திரத்தையும் பொறுக்கிக்கொண்டு போனாள்.

அவள் கேட்கும் முழு உண்மை இவ்வளவுதான். லூ சைஃபெங் என்பவள் காவலை விட்டு ஓடினாள், அவள் இடத்தையும் சேர்த்துப் பெய்லான் நின்று செத்தாள் என்று அவள் புத்தகத்தில் பார்க்க வேண்டும். எழுதிவிடு. நீ பயந்த எதையும் நான் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். உனக்காக இல்லை. ஓடிப்போய் உயிரோடு இருக்கும் ஒருத்தியை அவளுக்கு அம்மாவாகக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆக உன் எழுநூறு பக்கத்தில் செத்தவளும் நான், ஓடியவளும் நான். வெட்டியவன் எந்தப் பக்கத்திலும் கிடையாது. நூல் நன்றாக வந்திருக்கும். எனக்குப் பிரதி அனுப்பாதே. கடிதமும் இனி வேண்டாம்.

கன்னம் இரண்டு நாள் வீங்கியிருந்தது. ரயிலில் எதிர் இருக்கையில் லான்ஜோ ஊர்ப் பெண் ஒருத்தி, வாயாடி, இறங்குகிறவரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். ஐந்து விரலும் பதிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “அய்யய்யோ, யாரும்மா இப்படி அடிச்சது?” என்று கேட்டாள்.

“என் பொண்ணு” என்றேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அதை வாய்விட்டு ஒருத்தரிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

பெய்லான்